தமிழ் ஊடகங்களுக்குச் செய்தி கொண்டுசெல்வது எப்படி? பொதுத் தொடர்பில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் பொதுத் தொடர்பு வேலையில் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். என்னிடம் சந்தேகம் கேட்பவர்கள் மூன்று வகை. இந்த வேலைக்குப் புதிதாக வந்த இளையர்கள், தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் கடையோ தொழிலோ நடத்துபவர்கள், "மீடியாவை நீ பார்த்துக்கொள்" என்று கோயில் அல்லது சங்கப் பொறுப்பு தலையில் கட்டப்பட்டவர்கள். ஆள் வேறானாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

செய்தி அறிக்கை அனுப்பினாலே போதாதா? பிட்ச் என்று தனியாக எதற்கு?

கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் போடுவதற்கும் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். அறிக்கை எல்லாருக்கும் போவது. பிட்ச் ஒருவருக்குப் போவது. "இந்தச் செய்தியை உங்களிடம் ஏன் கொண்டுவந்தேன்" என்று அவருக்குச் சொல்வது.

1906இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு ரயில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். பென்சில்வேனியா ரயில் நிறுவனத்துக்காக வேலை பார்த்த ஐவி லீ, விபத்தை மூடி மறைக்காமல் நடந்ததை எழுதி நிருபர்களிடம் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது. உலகின் முதல் செய்தி அறிக்கை என்று எங்கள் தொழிலில் அதைத்தான் சொல்வார்கள். அது எடுபட்டதற்குக் காரணம் நடையழகு அல்ல. அந்த நேரத்தில் நிருபர்கள் அந்தத் தகவலைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். நாம் இன்று அனுப்புவதில் பாதி, யாரும் தேடாத தகவல். அதனால்தான் பிட்ச் தேவைப்படுகிறது.

இங்கே தமிழில் யார் யாருக்கு அனுப்பலாம்?

பட்டியல் சின்னதுதான். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு, இப்போது எஸ்பிஎச் மீடியாவின் கீழ் வருகிறது. நாட்டின் ஒரே தமிழ் நாளிதழ். மீடியாகார்ப் நிறுவனத்தின் பக்கம் வசந்தம் தொலைக்காட்சி ஒளிவழி, ஒலி 96.8 வானொலி, 'செய்தி' என்ற இணையத்தளம். இவை தவிர இணையத்தில் சிறு முயற்சிகள் சில உண்டு.

சென்னையில் ஒரு பத்திரிகை ஒதுக்கிவிட்டால் அடுத்ததைப் பார்க்கலாம். இங்கே இரண்டே வாசல். ஒன்றில் பேரைக் கெடுத்துக்கொண்டால் பாதி ஊர் போச்சு. அதோடு இன்று முரசில் இருக்கும் இளம் நிருபர் நாளை மீடியாகார்ப்பில் இருக்கலாம், அதற்கடுத்த ஆண்டு உங்கள் அலுவலகத்திலேயே உங்களுக்கு எதிர் மேசையில் உட்காரலாம். யாரிடமும் அலட்சியமாகப் பேச வேண்டாம்.

முரசுக்குள்ளேயும் எல்லாம் ஒரே பக்கம் அல்ல. மாணவர் முரசு, இளையர் முரசு என்று தனிப் பகுதிகள் உண்டு. பள்ளிப் போட்டியைப் பற்றிய தகவலைப் பொதுச் செய்தி மேசைக்கு அனுப்பிவிட்டு "போடவே இல்லை" என்று வருத்தப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரத்துக்கான பத்திரிகைகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டி, எந்தப் பகுதியை யார் எழுதுகிறார்கள் என்று குறித்துவையுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் விலைக்கு வாங்கும் எந்த ஊடகப் பட்டியலைவிடவும் இது உதவும்.

ஆங்கில அறிக்கையை மொழிபெயர்த்து அனுப்புகிறோம். பிறகும் கண்டுகொள்வதில்லையே?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். நிறுவனங்கள் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸையும் சிஎன்ஏவையும் மனத்தில் வைத்து அறிக்கையைத் தயாரிக்கின்றன. கடைசியில் "தமிழுக்கும் ஒன்று அனுப்பிவிடலாம்" என்று மொழிபெயர்ப்பாளரிடம் தள்ளிவிடுகின்றன. தமிழ்ச் செய்தி மேசையில் இருப்பவரும் ஆங்கிலம் படிப்பவர்தான். ஆங்கில மூலம் அவருக்கும் வந்திருக்கும். மொழிபெயர்ப்பால் அவருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை.

அவருக்கு வேண்டியது மொழி அல்ல, ஆள். தன் வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. 2010இல் அது 3.3 விழுக்காடு. இந்தச் சின்ன வட்டத்துக்காகத் தினமும் ஒரு முழுப் பத்திரிகை வருகிறது. அதற்குள் அந்த வட்டத்து மனிதர்கள் இருக்க வேண்டாமா?

ஓர் உதாரணம் சொல்கிறேன். முதியவர்களுக்கு மருந்து வேளையை நினைவூட்டும் செயலி ஒன்றுக்காக வேலை செய்தோம். ஆங்கில அறிக்கை முழுக்கச் செயற்கை நுண்ணறிவு, புத்தாக்கம், தீர்வு. அதைத் தமிழாக்கி அனுப்பினோம். சத்தமே இல்லை. இரண்டு வாரம் கழித்து ஈசூனில் அந்தச் செயலியைப் பயன்படுத்தும் ஒரு பாட்டியைப் பார்க்கப் போனேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தொலைபேசியில் வரும் ஆங்கில அறிவிப்பை மூன்று நாளில் அணைத்துவிட்டாராம். பேரன் தன் குரலில் "பாட்டி, சாப்டாச்சா? இப்ப வெள்ளை மாத்திரை" என்று பதிவுசெய்து கொடுத்திருக்கிறான். பதிவின் முடிவில் ஒரு சிரிப்பு. "மாத்திரைக்காக இல்ல தம்பி, அந்தச் சிரிப்புக்காகத்தான் தொறக்கிறேன்" என்றார்.

அடடா, செய்தி இங்கே இருக்கிறது, நாம் அலுவலகத்தில் உட்கார்ந்து தீர்வு, புத்தாக்கம் என்று எழுதிக்கொண்டிருந்தோமே என்று தோன்றியது. அதே செயலி, அதே நிறுவனம். இரண்டாம் முறை எழுதிய மடலுக்கு அன்று மதியமே அழைப்பு வந்தது.

அந்த இரண்டாவது மடல் எப்படி இருந்தது?

கிட்டத்தட்ட இப்படி:

*தலைப்பு: பேரன் குரலில் மாத்திரை நேரம் – ஈசூன் பாட்டி, புதன் காலை சந்திக்கலாம்*

*வணக்கம். மூத்தோர் தனியாக வசிப்பது பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஈசூனில் தனியாக இருக்கும் 72 வயதுப் பாட்டி ஒருவர், பேரன் தமிழில் பதிவுசெய்த குரலைக் கேட்டுத் தினமும் நான்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். ஆங்கில அறிவிப்பு அவருக்கு உதவவில்லை. பாட்டி, பேரன் இருவரும் பேசவும் படம் எடுக்கவும் சம்மதித்திருக்கிறார்கள். புதன் காலை 10 முதல் 12 வரை வீட்டில் இருப்பார்கள். செயலியைத் தயாரித்தது எங்கள் வாடிக்கையாளர் நிறுவனம், விவரம் கீழே. என் கைப்பேசி எண்ணும் கீழே உள்ளது.*

அவ்வளவுதான். அவர் எழுதியதை நான் படித்திருக்கிறேன் என்பது முதல் வரியிலேயே தெரிகிறது. படித்திருந்தால் மட்டும் இப்படி எழுதுங்கள். பொய் உடனே பிடிபடும். யாரைப் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்பது இருக்கிறது. வாடிக்கையாளர் நிறுவனம் கடைசியில் வருகிறது, ஆனால் ஒளிக்கப்படவில்லை. "முன்னணி", "தனித்துவமிக்க", "பெருமையுடன் வழங்கும்" எதுவும் இல்லை. இந்த மடலை நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் தலைவர் பார்த்துவிட்டு "எங்கள் பெயர் தலைப்பிலேயே இல்லையே" என்றார். பெயர் பத்திரிகையில் வரவேண்டுமா, மடலின் தலைப்பில் வரவேண்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் துடுக்குத்தான். அன்று வேலை நடந்தது.

தமிழில் எழுதி அனுப்பினால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில், இந்த ஊர்த் தமிழில் எழுதுங்கள். இங்கே அமைச்சு, அமைச்சகம் அல்ல. வெள்ளி, டாலர் அல்ல. இளையர், திருவாட்டி, சமூக மன்றம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), மசேநிதி (மத்திய சேம நிதி), வெளிநாட்டு ஊழியர் எல்லாம் இங்கே நிலைபெற்றுவிட்ட சொற்கள். இயந்திர மொழிபெயர்ப்பு வேறு ஊர்ச் சொற்களைக் கொண்டுவந்து போடும். படிப்பவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்துவதில் தப்பில்லை. வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் அனுப்புவதுதான் தப்பு.

அடுத்து எழுத்துரு. யூனிகோடில் அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு எதிர்முனையில் ஆங்கில எழுத்துக் குப்பையாக விரியும். பிடிஎஃப் மட்டும் அனுப்புவதும் தொல்லை. அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிவிடும். இரவுப் பணியில் இருப்பவர் உங்கள் கொம்புகளை எடுத்து ஒட்டிக்கொண்டிருக்க மாட்டார். மடலிலேயே எழுத்தாகப் போடுங்கள், கூடவே வேர்ட் கோப்பு ஒன்று.

அப்புறம் பெயர்கள். ஆங்கில எழுத்தில் ஒன்றாகவே இருக்கும் பெயர் தமிழில் வள்ளியா வல்லியா, தனமா தானமா? சம்பந்தப்பட்டவரிடமே கேட்டு, அவர் எழுதும் விதத்தில் பட்டியல் கொடுங்கள். சீன, மலாய்ப் பெயர்களுக்கு உச்சரிப்பைச் சேர்த்துக் கொடுங்கள். தமிழ்ச் செய்தியாளர் என்னிடம் நன்றி சொன்ன தருணங்களை எண்ணினால் பாதிக்கு மேல் இந்தப் பெயர்ப் பட்டியலுக்காகத்தான்.

எப்போது அனுப்பினால் நல்லது?

நிகழ்ச்சி என்றால் ஒரு வாரம், பத்து நாள் முன்பு; முந்தின நாள் காலையில் ஒரு நினைவூட்டல். சனி, ஞாயிறுதான் சமூக நிகழ்ச்சிகள் குவிகின்றன. ஆனால் அன்று பணியில் இருப்போர் குறைவு. வாரநாள் மாலைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

நாட்காட்டியையும் பாருங்கள். பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்ட நாளன்றோ, தேர்வு முடிவு வெளியாகும் நாளன்றோ உங்கள் புதிய கிளைத் திறப்பை யாரும் தொடமாட்டார்கள். ஏப்ரலில் தமிழ்மொழி விழா. மாதம் முழுக்க நிகழ்ச்சி மேல் நிகழ்ச்சி. அந்த மாதத்தில் இன்னொரு பட்டிமன்றம் செய்தியாவது கடினம். தீபாவளிச் செய்திக்குத் தீபாவளி வாரத்தில் வராதீர்கள், ஒரு மாதம் முன்பே வாருங்கள். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடிகளோடு நடந்துகொண்டிருக்கும் நிருபர்மீது கைப்பேசி அழைப்புகளை மழையாகப் பொழிய வேண்டாம்.

வறண்ட வாரங்களும் உண்டு. ஜூன் பள்ளி விடுமுறை, டிசம்பர் கடைசி. சாதாரண நாளில் இடம் கிடைக்காத நல்ல மனிதக் கதைக்கு அப்போது அரைப் பக்கம் கிடைக்கலாம்.

பதில் வரவில்லை. அழைக்கலாமா?

ஒரு முறை. இரண்டு நாள் கழித்து, காலை வேளையில். "என் மடல் கிடைத்ததா?" என்று கேட்காதீர்கள், கிடைத்திருக்கும். "புதன் காலைக்குப் பதிலாக வியாழனும் முடியும், பேரனின் பள்ளியிலும் படம் எடுக்க அனுமதி கிடைத்துவிட்டது" என்பதுபோல் புதிதாக ஏதாவது சொல்ல இருந்தால் அழையுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று வையுங்கள். ஏன் என்று துருவ வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று உடனே அடுத்த கேள்வி வரும். எண்ணை அவரே கொடுத்திருந்தால் அனுப்பலாம். இரவு 11 மணிக்கு வேண்டாம். காலை வணக்கப் பூங்கொத்துப் படம் எந்த நேரத்திலும் வேண்டாம்.

வசந்தத்துக்கும் ஒலிக்கும் அதே மடல் போதுமா?

போதாது. தொலைக்காட்சிக்கு அசைவது ஏதாவது வேண்டும். மேசைக்குப் பின்னால் நான்கு பேர் உட்கார்ந்து கையெழுத்திடுவது காட்சி அல்ல; பாட்டி தொலைபேசியைக் காதில் வைத்துச் சிரிப்பது காட்சி. தமிழில் தடுமாறாமல் பேசக்கூடிய ஒருவரையும் தயாராக வைத்திருங்கள். பல நிறுவனங்கள் இங்கேதான் சறுக்குகின்றன: செய்தி அருமையாக இருக்கும், பேச ஆள் கேட்டால் தலைமை நிர்வாகி ஆங்கிலத்தில் பேசுவார் என்பார்கள். கணக்குப் பிரிவிலோ கிடங்கிலோ நன்றாகத் தமிழ் பேசும் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவருக்கு அனுமதி வாங்கிக் கொடுப்பதும் உங்கள் வேலைதான்.

வானொலிக்குக் குரல் போதும். பேரனின் அந்தப் பத்து விநாடிப் பதிவை மடலோடு இணைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஒருவருக்கு மட்டும் கொடுப்பது, தேதி சொல்லி நிறுத்திவைப்பது – இதெல்லாம் எப்படி?

ஒருவருக்கு மட்டும் என்று சொன்னால் ஒருவருக்கு மட்டும்தான். இரண்டு பேரிடம் "உங்களுக்கு மட்டும்" என்று சொன்னவர் கதை இந்தச் சின்ன ஊரில் மாலைக்குள் தெரிந்துவிடும். நான் பெரும்பாலும் கோணத்தைப் பிரித்துக் கொடுப்பேன்: பத்திரிகைக்குப் பாட்டி, தொலைக்காட்சிக்கு அந்த வீட்டுக்கு வாரம் ஒருமுறை வரும் தொண்டூழியர். இருவரிடமும் மற்றவருக்கு என்ன கொடுத்தேன் என்று சொல்லியும்விடுவேன்.

எம்பார்கோ, அதாவது சொன்ன தேதிவரை வெளியிடாமல் நிறுத்திவைப்பது, ஓர் ஒப்பந்தம். மடலின் தலையில் சிவப்பு எழுத்தில் போட்டுவிட்டால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. முதலில் கேளுங்கள், சம்மதித்த பிறகு தகவலை அனுப்புங்கள். வாடிக்கையாளர் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமானால் இன்னும் கவனம். பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய தகவல் முதலில் பங்குச் சந்தையின் அறிவிப்புத் தளமான எஸ்ஜிஎக்ஸ்நெட்டில் வெளியாக வேண்டும். நட்புக்காகக்கூட ஒரு நிருபரிடம் முன்கூட்டி வாய்விடக் கூடாது.

படம், சம்மதம் பற்றிச் சொல்லுங்கள்.

குத்துவிளக்கு ஏற்றும் படத்தை அனுப்பாதீர்கள். ஆண்டுக்கு எத்தனை குத்துவிளக்குகளைத்தான் அச்சிடுவார்கள்? பொன்னாடையும் அப்படியே. வேலை நடக்கும் படத்தைப் பெரிய அளவில், யார் எடுத்தது, இடமிருந்து வலமாக யார் யார் என்ற குறிப்போடு அனுப்புங்கள். வாட்ஸ்அப் வழி வந்து சுருங்கிய படம் அச்சுக்கு ஆகாது.

ஒருவருடைய கைப்பேசி எண்ணை நிருபரிடம் கொடுக்குமுன் அவரைக் கேளுங்கள். 2012இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துகிறது. பிள்ளைகள் என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம். வெளிநாட்டு ஊழியர்கள் என்றால் இன்னும் ஒரு படி மேலே யோசியுங்கள். முதலாளி முன்னால் நின்று "பேசுவாய்தானே?" என்று கேட்டால் அவர் தலையாட்டத்தான் செய்வார். தங்குவிடுதிக்குப் போய்த் தனியாக, தமிழில் கேளுங்கள். ஊரில் அம்மா இதை இணையத்தில் பார்ப்பார் என்பதையும் சொல்லுங்கள். கால் முறிந்ததை வீட்டில் சொல்லாமலே மறைத்துவைத்திருந்த ஒருவர் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றார். நேர்காணல் ரத்தானது, நிருபருக்கும் புரிந்தது.

வெளியாகுமுன் கட்டுரையைக் காட்டச் சொல்லலாமா? விளம்பரம் கொடுத்தால்?

கட்டுரையைக் காட்டச் சொல்லக் கூடாது. எண்கள், பெயர்கள், பதவிகள் சரிதானா என்று பார்த்துச் சொல்கிறேன் என்று முன்வரலாம், பலர் ஒத்துக்கொள்வார்கள். விளம்பரப் பிரிவு வேறு, செய்தி மேசை வேறு. "போன மாதம் அரைப் பக்க விளம்பரம் கொடுத்தோமே" என்று நிருபரிடம் சொன்னால், அவர் அந்த மடலை மூடிவிடுவார். பணம் கொடுத்து வருவது விளம்பரக் கட்டுரை, அதற்கென்று அடையாளம் போட்டுத்தான் வரும். அன்பளிப்புப் பை, பற்றுச்சீட்டு, தீபாவளிக் கவர் எல்லாம் அவருக்குத் தர்மசங்கடம். ஒரு கோப்பி போதும்.

தப்பாக வந்துவிட்டால்?

தகவல் தப்பா, நமக்குப் பிடிக்கவில்லையா என்று முதலில் பிரியுங்கள். தகவல் தப்பென்றால் எழுதியவரையே அழைத்து, எந்த வரி, எது சரி, ஆதாரம் என்ன என்று மட்டும் சொல்லுங்கள். இணையத்தில் விரைவாகத் திருத்திவிடலாம். எடுத்த எடுப்பில் எழுதியவரைத் தாண்டி ஆசிரியருக்கு மடல் போடாதீர்கள்.

தப்பு உங்களுடையதாகவும் இருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு செய்தி ஆசிரியருக்கு நான் அனுப்பிய மடலில் "உங்கள் ஊடகத்தின் நீண்டகால ரசிகன்" என்று எழுதி, இன்னோர் ஊடகத்தின் பெயரைப் போட்டிருந்தேன். நகலெடுத்து ஒட்டியதன் பலன். அவர் ஒரே வரியில் பதில் போட்டார்: "அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்." அன்று முதல் ஒவ்வொரு மடலையும் தனியாகத்தான் தட்டுகிறேன்.

நிருபர் நிகழ்ச்சிக்கு வந்துவிட்டார். எங்கே உட்கார வைப்பது?

முன்வரிசையில், மாலையோடு அல்ல. நடுவில் எழுந்து போக முடியாமல் மூன்று வரவேற்புரைகளையும் அவர் கேட்க நேரிடும். பக்கவாட்டில் ஒரு மேசை, பக்கத்தில் மின்செருகி, மேசைமேல் பெயர்ப் பட்டியலும் நிகழ்ச்சி நிரலும். சிறப்பு விருந்தினர் எந்த வாசல் வழியாக எத்தனை மணிக்கு வருகிறார் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் பேச விரும்பும் ஆளை உரைகள் முடியும்வரை காக்கவைக்காமல் முன்னதாகவே வெளியே அழைத்து வந்து அறிமுகப்படுத்துங்கள். அப்புறம் நகர்ந்துவிடுங்கள். அவர்கள் பேசும்போது பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஈசூன் வீட்டில் நான் சமையலறையில் போய் நின்றுகொண்டேன். பாட்டி எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டுவைத்திருந்தார்.